லதா வரைந்ததும் லதாக்கள் வரைவதும்

அறுபதுகளின் கடைசியில் வந்த குமுதம் இதழ்களை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். கதை எழுதியவர் சுஜாதா. வேறொரு தொடருக்குப் படம் போட்டவர் லதா. இரண்டும் பெண் பெயர், இரண்டு பேரும் ஆண்கள். சுஜாதாவாகிய ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் எழுதினார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. சாண்டில்யனின் 'கடல் புறா'வுக்கு மஞ்சளழகியை வரைந்து தந்த லதா ஓர் ஆண் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணி அலமாரியில் அடுக்கிய வீடுகள் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து பழகிய பெண்கள், வரைந்தவரும் தங்களைப் போல ஒரு பெண் என்றே நினைத்திருந்தார்கள். ஒரு பெண் பத்திரிகையில் படம் போடுகிறாளே, நாமும் போடலாமே என்று யாராவது ஒருத்தி ஆசைப்பட்டிருந்தால், அந்த ஆசைக்கு அஸ்திவாரம் ஒரு புனைபெயர்.

படத்தில் பெண்ணுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. லீ பஜார் மண்டிக்காரர்களும் வெள்ளிக்கடைக்காரர்களும் புத்தாண்டுக்குக் கொடுக்கும் காலண்டரில் லட்சுமி, சரஸ்வதி, மீனாட்சி, முருகனுக்கு இரு புறமும் வள்ளி தெய்வானை. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான அந்தப் படங்கள்தான் எங்கள் பேட்டையின் ஓவியக் கண்காட்சி. வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவோம். கொண்டைய ராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், பெரிய கைக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரிசையில் ஒரு பெண்ணின் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. வரையப்பட்ட பெண்களில் கறுத்த முகமும் அனேகமாக இல்லை. குறத்தி மகளான வள்ளிகூட ரோஜா நிறத்தில்தான் நிற்பாள். காளிக்கு நீலம் கொடுத்துச் சமாளித்தார்கள்.

அதே காலத்தில் பேட்டைக்குள் வரைந்துகொண்டிருந்த கைகள் ஏராளம். எங்கள் அக்காவையே சொல்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் எனக்கும் தம்பிக்கும், அடுத்த வீட்டுப் பையன்களுக்கும், ஒரு கட்டத்தில் தெருவுக்கே ரெக்கார்ட் நோட்டு வரைந்தது அவள்தான். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் வரையும்போது முதலில் ஹெச்பி பென்சிலால் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் அல்லி இதழின் விளிம்பை இழுப்பாள். பிறகு பென்சிலைச் சீவாமல், தேய்ந்த பக்கத்தால் சூலகத்துக்கு நிழல் கொடுப்பாள். மகரந்தத் தூள் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளி. அழிரப்பரை அவள் தொட்டுப் பார்த்ததில்லை. உயிரியல் ஆசிரியர் சிவப்பு மையில் 'வெரி குட்' போட்டுக் கையெழுத்து வைப்பார். நோட்டின் அட்டையில் என் பெயர், உள்ளே ஆசிரியரின் கையெழுத்து. வரைந்தவள் பெயருக்கு அதில் இடமே கிடையாது. எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிப் பட்டறையிலும் இதே கணக்குதான். கொலுசுக்குக் கம்பி இழுப்பதும் உருக்குவதும் பட்டறையில் ஆண்கள் பார்க்கிற வேலை. கண்ணி கோர்ப்பதும் பற்றவைப்பதும் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். மயில், மாங்காய், பூ என்று கொலுசில் எனாமல் வண்ணம் வைப்பதற்குப் பெண் கைதான் வேண்டும் என்பார்கள். நுனி கூரான ஊசியில் ஒரு சொட்டு எடுத்து, பக்கத்துக் குழிக்கு வழியாமல், மயில் கழுத்தின் குழிக்குள் மட்டும் இறக்க வேண்டும். கூலி எடைக்கு, அல்லது ஜோடிக்கு. கொலுசில் முத்திரை கடைக்காரருடையது. எடையும் முத்திரையும் இருந்தால் போதும், வண்ணம் வைத்தவள் யாரென்று கேட்டு யாரும் கொலுசு வாங்குவதில்லை.

முறையாக ஓவியம் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங்' என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வு ஒன்று உண்டு. லோயர், ஹையர் என இரண்டு நிலை. இரண்டும் தேறி, அதற்கான ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். தையல் டீச்சராகப் பெண்கள் இருந்த காலத்தில் டிராயிங் மாஸ்டர் பெரும்பாலும் மாஸ்டராகவே இருந்தார். அவர் கரும்பலகையில் ஒரு குடமும் இரண்டு மாம்பழமும் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். மீதிக் காலத்தில் பீரியட்டைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார்.

இரவில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி. தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவராக 1929 இல் வந்து 1957 வரை இருந்தார். பிறகு கே.சி.எஸ். பணிக்கர். மெட்ராஸ் இயக்கம் என்று இன்று ஏலக் கம்பெனிகள் விலை பேசுகிற ஓவியம் முழுவதும் அந்த வளாகத்து மரத்தடியில் பிறந்தது. அங்கே பெண்கள் அன்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தச் சிலரில் ஒருத்தியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டி.கே. பத்மினி. பொன்னானிக்குப் பக்கத்தில் காடஞ்சேரி என்ற ஊரில் 1940 இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இல்லை. தாய்மாமன் திவாகர மேனன் வளர்த்தார். பெண் வரைகிறாள் என்றதும் அடக்கி வைக்காமல் ஊக்கப்படுத்திய அபூர்வமான மாமன் அவர். கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயர் துணை நின்றார். ஓவியர் நம்பூதிரி பாடம் சொல்லிக் கொடுத்தார். 1961 இல் சென்னைக்கு வந்து பணிக்கரிடம் மாணவியானார். படிப்பு முடிந்ததும் சென்னையிலேயே பள்ளிக்கூட ஓவிய ஆசிரியை. 1968 இல் சக ஓவியர் தாமோதரனோடு கல்யாணம். 1969 மே மாதம் பிரசவத்தில் இறந்துபோனார். குழந்தையும் தங்கவில்லை. வயது 29 நிறையவில்லை.

குமுதத்தில் லதா என்ற ஆண், பெண்களை வரைந்துகொண்டிருந்த அதே சில வருஷங்களில், அதே சென்னையில், பத்மினி என்ற பெண்ணும் பெண்களை வரைந்துகொண்டிருந்தார். இரண்டு வகைப் பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளழகி நம்மைப் பார்க்கத் திரும்பி நிற்பாள். இடுப்பு ஒடிந்திருக்கும், கண் நம் மேல் இருக்கும். பத்மினியின் பெண்களுக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை. மண்ணின் பழுப்பும் இலையின் பச்சையுமான நிறத்தில், தடித்த கோட்டுக்குள், கனத்த உடம்போடு நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். சில படங்களில் துணி இல்லை. ஆனால் அது யாருக்கும் காட்டுகிற உடம்பு இல்லை, குளத்தங்கரையில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்து உடம்பு. அந்தக் காலத்தில், அந்தக் குடும்பத்துப் பின்னணியில், ஒரு பெண் நிர்வாணம் வரைவது சாதாரண விஷயமில்லை. கடைசிக் காலத்தில் பட்டம் விடுகிற பெண் ஒருத்தியை வரைந்தார். கேரளத்தில் அந்தப் படத்தைத் தெரியாத ஓவிய மாணவர் கிடையாது. 2018 இல் 'பத்மினி' என்று மலையாளத்தில் ஒரு திரைப்படமே வந்துவிட்டது. நம் பக்கத்தில், அவர் படித்து, கற்பித்து, வரைந்த ஊரை உள்ளடக்கிய தமிழ்நாட்டில், அவர் பெயரைச் சொன்னால் நாட்டியப் பேரொளியைத்தான் நினைக்கிறார்கள்.

பணிக்கர் தன் மாணவர்களோடு 1966 இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். ஓவியம் விற்காத காலம் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் மணலை மனையாக்கினார்கள். சிற்பி அனிலா ஜேக்கப் அங்கே இருந்தார். கூடவே அர்ணவாஸ். பார்சிப் பெண், எஸ்.ஜி. வாசுதேவின் மனைவி. மிருகமும் கொடியும் தேவதையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும் அவருடைய கோட்டில். 1988 இல் புற்றுநோயில் இறந்தார். மெட்ராஸ் இயக்கத்தைப் பற்றி எழுதும்போது ஆண்களுக்கு ஆளுக்கொரு அத்தியாயமும் இவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பத்தியும் ஒதுக்குவது வெகுநாள் பழக்கம். நானும் இங்கே அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். பத்மினிக்கு மட்டும் ஒரு பத்தி கூட.

பணிக்கரின் அதே வட்டத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தும் எண்ணும் ஓவியமாயின. மற்றவர்கள் கோவில் உலோக வேலையிலிருந்தும் நாட்டார் கலையிலிருந்தும் எடுத்தார்கள். நம்மூர்க் கோட்டை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் தினமும் அதே கோட்டை இழுத்தவளுக்கு அதனால் என்ன கிடைத்தது? அவள் போட்டது கோலம், அவர்கள் தீட்டியது ஓவியம். கோலம்தான் உலகின் முதல் அரூப ஓவியம் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கோலத்துக்கு அந்தப் பட்டம் தேவையில்லை. போடுகிறவளுக்கு வேண்டியது காலையில் இரண்டு மணி நேரமும், அழியாத ஒரு பரப்பும், அடியில் தன் பெயர் எழுத அனுமதியும்.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு கறுப்பின மக்களின் ஊர். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வாரிசுகள். அங்கத்துப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்துக் குளிருக்குப் போர்த்திக்கொண்டார்கள். முழங்கால் தேய்ந்த ஜீன்ஸின் வெளிறிய நீலம், பையைக் கிழித்தெடுத்த இடத்தில் வெயில் படாத கருநீலம், அவ்வளவுதான் வண்ணம். 2002 இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னியிலும் அவற்றைச் சுவரில் மாட்டியபோது, நவீன அரூப ஓவியத்தின் தலைசிறந்த வரிசையில் வைத்து விமர்சகர்கள் பேசினார்கள். ஒவ்வொரு போர்வைக்கும் பக்கத்தில் தைத்தவளின் பெயர் இருந்தது. போர்வை மாறவில்லை. கட்டிலிலிருந்து சுவருக்குப் போனதும் பெயர் வந்தது.

ஆனால் அந்தச் சுவர் தானாக இறங்கி வரவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1969 இல், ஆம், பத்மினி இறந்த அதே வருஷம், ஹார்லெம் பகுதியைப் பற்றிப் பெரிய கண்காட்சி ஒன்று நடத்தியது. கறுப்பர்களின் வாழ்வைச் சொல்லும் புகைப்படங்கள் அறை அறையாக. ஹார்லெமில் வாழ்ந்து வரைந்த ஓவியர்களின் ஓவியம் ஒன்றுகூட இல்லை. ஓவியர்கள் பதாகை பிடித்து வாசலில் நின்றார்கள். மறு வருஷம் விட்னி வாசலில் பெண் ஓவியர்கள் நின்றார்கள். படத்துக்குள் இருக்கலாம், படம் போட்டவர்கள் வரிசையில் இருக்கக் கூடாது என்ற சட்டம் எங்கேயும் எழுதப்பட்டதில்லை, ஆனால் எல்லா ஊரிலும் அமலில் இருந்தது.

அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு 1972 இல் விட்னியில் தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அல்மா தாமஸ். வயது எண்பது. அவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் டிராயிங் டீச்சர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். வாஷிங்டனில் ஒரே பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் ஓவிய ஆசிரியை. 1960 இல் ஓய்வு. அதற்குப் பிறகுதான் முழு நேரமும் வரைய உட்கார்ந்தார். தனி ஓவியக் கூடம் எல்லாம் இல்லை, சின்ன வீட்டின் சமையலறையும் முன்னறையும்தான். ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் இலைகளுக்கு நடுவே வெளிச்சம் துண்டு துண்டாக விழுவதைப் பார்த்து, விரல் அகல வண்ணத் தீற்றல்களை வட்டம் வட்டமாக அடுக்கினார். மூட்டுவலியோடு. 1966 இல் தீட்டிய 'உயிர்த்தெழுதல்' என்ற அவர் ஓவியம் 2015 இல் வெள்ளை மாளிகைக்குள் போனது. அங்கே சேகரிப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணின் ஓவியம் அது.

அல்மா தாமஸை அவர் காலத்தில் சிலர் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. வீதியில் உன் ஜனம் அடிபடுகிறது, நீ வண்ணப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாயே? அவருக்கு முன்னாலேயே நார்மன் லூயிஸ் என்ற கறுப்பின ஓவியர் நாற்பதுகளில் ஏழைகளின் உருவங்களை விட்டு அரூபத்துக்குப் போனபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளைக்கார ஓவியர் வட்டமும் சதுரமும் போட்டால் அது தத்துவம். கறுப்பர் போட்டால் கடமை தவறியவர். பெண்களுக்கும் இதுவே விதி. பெண் வரைந்தால் அதில் தாய்மை இருக்க வேண்டும், கண்ணீர் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு பூவாவது இருக்க வேண்டும். தன்னைப் பற்றி வரையும் உரிமைக்குப் போராடுவது முதல் கட்டம். தன்னைப் பற்றி வரையாமலும் இருக்கும் உரிமை இரண்டாவது கட்டம், அதுதான் கடினம் என்று நினைக்கிறேன்.

நஸ்ரீன் முகமதி அந்த இரண்டாவது கட்டத்துக்கு நேராகவே போனவர். 1937 இல் கராச்சியில் பிறந்து பரோடாவில் ஓவியம் கற்பித்தவர். சுற்றிலும் எல்லாரும் உருவமும் கதையும் தீட்டிக்கொண்டிருக்க, என்ஜினீயர்கள் பயன்படுத்தும் பேனாவையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு வெறும் கோடுகளை இழுத்தார். பெண்ணும் இல்லை, பூவும் இல்லை. உடம்பு அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நோய் வந்த பிறகும் அந்தக் கோடு பிசகவில்லை. 1990 இல் காலமானார். 2016 இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையான மெட் பிராயரைத் திறந்தபோது, திறப்பு நாள் கண்காட்சிகளில் ஒன்றாக நஸ்ரீனின் கோடுகளை வைத்தது. 1969 இல் ஹார்லெம் ஓவியர்களை வாசலில் நிறுத்திய அதே நிறுவனம்.

இனி நிறத்துக்கு வருவோம், எங்கள் காலண்டர் வள்ளிக்கு. பாரிஸில் படித்த அம்ரிதா ஷெர்கில் 1936 கடைசியில் தென்னாட்டுக்கு ரயிலேறி வந்து கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினார். மறு வருஷமே 'மணமகளின் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' என மூன்று பெரிய ஓவியங்கள். அவற்றில் நம்மூர் ஆட்கள் நம்மூர் நிறத்தில் இருந்தார்கள். கருப்பும் செம்மண்ணும் கலந்த அந்த உடம்புகளுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி பளிச்சென்று நிற்கும். அவர் 28 வயதில் இறந்தார். 2023 இல் அவருடைய 'கதை சொல்பவர்' 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஆனால் 1937 இல் வந்த அந்த நிறம் எங்கள் பேட்டைக் காலண்டருக்கு வந்து சேரவே இல்லை. ஆதிமூலத்தின் கறுப்பு மசிக் கோடுகள் கி.ரா.வின் எழுத்தோடு பத்திரிகையில் வந்தபோதுதான் எங்களில் சிலர் கறுப்பைக் கம்பீரமாகப் பார்த்தோம். தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகள் கறுப்பர் இலக்கியத்தை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தன, தலித் எழுத்துக்கு அது உரமாயிற்று. கவிதையைச் சாணித்தாளில் அச்சடிக்கலாம், ஓவியத்தை அடிக்க முடியாது. அதனால் கறுப்பின ஓவியர்களின் பெயர்கள் நம் பக்கம் வந்து சேர இன்டர்நெட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு ஓவியர் இளையராஜா வந்தார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்தவர். ஆனந்த விகடனில் அவர் ஓவியங்கள் வந்தபோது செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிற பையன்கூட நின்று பார்த்தான். நிலைப்படியில் சாய்ந்த பெண், ஓட்டுச் சந்தில் இறங்கும் வெயில், எண்ணெய் தேய்த்த கறுப்புக் கன்னத்தில் அந்த வெயிலின் ஒரு கீற்று. போட்டோவா ஓவியமா என்று ஜனம் பட்டிமன்றம் நடத்தியது. இவ்வளவு அச்சு அசலாக வரைவது நவீனமா என்று ஓவியர்களுக்குள்ளேயே முகச்சுளிப்பு உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. மாநிறத்துக்குக் கீழே இருக்கிற நிறத்தில் ஒரு பெண்ணை அழகி என்று தமிழ்நாட்டு வீட்டு வரவேற்பறையில் மாட்ட வைத்தார், அது போதும். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் இதையே வேறு கோணத்தில் பிடித்தவர். அலபாமாவில் 1955 இல் பிறந்த கறுப்பினத்தவர். பழுப்பு கலந்து சமாதானம் செய்யாமல் கறுப்பை உண்மையான கறுப்பாகவே தீட்டுகிறார். கரிக் கறுப்பு, இரும்பு ஆக்சைடு கறுப்பு, எலும்பை எரித்தெடுத்த கறுப்பு என்று மூன்று. ஒன்றில் நீலம் ஓடும், ஒன்றில் சூடு தெரியும். தள்ளி நின்றால் ஒரே இருட்டு, கிட்டப் போனால் அதற்குள் மூக்கும் கன்னமும் மெல்ல எழுந்து வரும். அவருடைய 'பாஸ்ட் டைம்ஸ்' ஓவியத்தைச் சிகாகோவின் ஒரு பொது அமைப்பு 1997 இல் 25,000 டாலருக்கு வாங்கியது. 2018 இல் அதை 2.11 கோடி டாலருக்கு விற்றது. லாபம் விற்றவருக்கு, ஓவியருக்கு அல்ல. நம்மூர் வெல்ல மண்டியில் விவசாயிக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இன்றைய செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறேன். டிராயிங் கிளாஸ் இல்லாத தெரு குறைவு. போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருப்பதில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். சொல்லிக் கொடுப்பவர்களிலும் பெண்கள் வந்துவிட்டார்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் பெண்கள் இல்லாத ஓவிய வகுப்பு கிடையாது. திருவண்ணாமலையில் பிறந்த பெனித்தா பெர்சியாளின் சிற்பங்கள் வெளிநாடு வரை போகின்றன. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் வானம் கலைத் திருவிழாவில், யார் வரையலாம், யாரை வரையலாம் என்ற கேள்வியைத் தலித் ஓவியர்கள் சுவரிலேயே எழுப்புகிறார்கள். இதெல்லாம் அக்கா காலத்தில் நினைத்தே பார்க்க முடியாதவை. இன்ஸ்டாகிராமில் பெயர் போட்டே படம் போடுகிறார்கள். ஓரத்தில் கையெழுத்து, அடியில் போன் நம்பர். பெயர் விஷயத்தில் கதை நிஜமாகவே மாறிவிட்டது, அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

நேரம்தான் மாறவில்லை. பத்தாவது பரீட்சை வந்ததும் பிரஷ் பரணுக்குப் போகிறது. நீட், ஜேஇஇ முடிந்து இறங்கினால் கல்யாணப் பேச்சு. பி.எஃப்.ஏ. என்றால் மாப்பிள்ளை வீட்டில் அது என்ன படிப்பு என்று விளக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியம், கண்ணாடியில் பெயின்டிங், தட்டில் மெஹந்தி டிசைன் என்றால் வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று அனுமதி உண்டு. அக்காவின் ரெக்கார்ட் நோட்டைப் போலவே இதுவும் அடுத்தவர் தேவைக்கு வரைவதுதான். காசு வருகிறது என்பது வித்தியாசம், அது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரு பெரிய கேன்வாஸை வீட்டில் எங்கே சாய்த்து வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் கல்லூரி முடித்துவிட்டு ஆர்டருக்குப் பென்சில் படம் வரைகிறாள். பிறந்த நாள், கல்யாண நாள், இறந்துபோன தாத்தா. மாடிப்படி திரும்புமிடத்தில் ஒரு மேஜை, அதுதான் அவள் ஸ்டுடியோ. ஒருநாள் போனபோது ஒரு ஜோடியின் படத்தில் மணப்பெண்ணின் கன்னத்தை ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். போனில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். நல்ல கறுப்பு, நல்ல களை.

"ஏங் கண்ணு, சரியாத்தானே வந்திருக்குது, எதுக்கு அழிக்கிற?"

"கொஞ்சம் கலரா போடுங்கன்னு மெசேஜ் பண்ணியிருக்காங்க பெரியப்பா."

"பென்சில் படத்துல என்ன கலரு?"

"எல்லாரும் கேக்கறதுதான். அவங்க காசு, அவங்க கலரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பொண்ணே கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். கேட்டது மாமியாரு."

மேஜைக்குப் பின்னால் சுவரோரம் இரண்டு பலகைகள் திருப்பி வைத்திருந்தன. ஆர்டர் இல்லாத நாட்களில் போடுவதாம். ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். முழுப் பலகையும் கரி. கரியின் மேல் கரி, நடுவில் ரப்பரால் கீறிய நாலைந்து வெள்ளை இழைகள். எங்கே பிடித்தாள் என்று கேட்கவில்லை. பட்டறைத் தெருவில் வளர்ந்தவள். கரிந்த மண்ணில் வெள்ளி ஓடி இறுகுவதைப் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். கீழ் மூலையில் பெயரும் வருஷமும் எழுதியிருந்தாள்.

காபி கொண்டுவந்த அவள் அம்மா தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். "என்னென்னமோ கிறுக்குதுங்ணா. நீங்க சொன்னா கேக்கும், ஒரு பூவாச்சும் போடச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அந்தப் பலகை என்ன விலை என்று கேட்டேன். அவள் தயங்காமல் ஒரு தொகை சொன்னாள், கல்யாண ஜோடிப் படத்தைப் போல மூன்று மடங்கு. அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான்.